துபாய்ல வாடகை கம்மியா இருக்கற ஃப்ளாட்டையே எடுத்துடலாமா?

வாடகைய மட்டும் பாத்து எடுக்காதீங்க, மொதல்ல ஏசி காசு யாரு கட்றதுன்னு கேளுங்க. சில்லர், அதாவது பில்டிங்குக்கே பொதுவான ஏசி, ஃப்ரீன்னா கூலிங் செலவு ஓனரோடது, இல்லாட்டி கூலிங் கம்பெனிக்கு தனி பில், அதுல நீங்க ஊருக்குப் போயி வீடு பூட்டிக் கெடந்தாலும் ஃபிக்ஸட் சார்ஜ் மாசாமாசம் வந்துட்டே இருக்கும், நெறைய பேரு இதுலதான் மாட்டிக்கிறாங்க. ஸ்ப்ளிட் ஏசின்னா எல்லாம் தேவா (DEWA, துபாயோட கரண்ட், தண்ணி ஆபீஸ்) பில்லுலதான். அதே பில்லுல வருஷ வாடகைல 5% முனிசிபாலிட்டி ஹவுசிங் ஃபீஸும் பன்னெண்டா பிரிச்சு வரும், 60,000 திர்ஹம் வாடகைன்னா மாசம் 250.

வீடு பாக்க சாயங்காலம் நாலு மணிக்குப் போங்க, மேற்கு பாத்த ரூம் சுவத்துல கைய வச்சுப் பாருங்க, தோசைக்கல்லு மாதிரி சுட்டா ஜூலை ஆகஸ்ட்ல ஏசி நிக்கவே நிக்காது. முன்னாடி இருந்தவங்களோட ஆகஸ்ட் பில்ல கேட்டு வாங்கிப் பாருங்க, ஜனவரி பில்ல காட்டுனா அத வச்சு முடிவு பண்ணிடாதீங்க.