அடிபட்டவனிடமே "ஆடுறியா?" என்று கேட்காதீர்கள்
வாசகர் கேள்வி-பதில்: விளையாட்டும் உடம்பும்

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவை ஒட்டி நடந்த கால்பந்து டோர்னமென்ட்டில் இரண்டு பையன்கள் ஒரே பந்துக்குத் துள்ளி, மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள். ஒருவன் மணலில் விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். முகத்தில் தண்ணீர் அடித்தோம், எழுந்தான், "ஆடுறியா?" என்றதற்கு "ஆடுறேன்" என்றான், ஆடினான். மேட்ச் முடிந்ததும் "நம்ம கோலை யாரு போட்டா?" என்று எங்களிடமே கேட்கிறான். போட்டதே அவன்தான்! அடுத்த வருடம் கமிட்டியில் நானும் இருக்கிறேன். பெரிய லீக்குகளில் இதற்கு என்ன செய்கிறார்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?
வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் ஒன்று. அந்தப் பையனை இதுவரை டாக்டரிடம் காட்டவில்லை என்றால், நாள் கடந்துவிட்டது என்று விடாமல் காட்டிவிடுங்கள்.

உங்கள் ஊரில் நடந்தது உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலேயே நடந்திருக்கிறது. 2014-ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் ஆடியபோது, ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் முகத்தில் எதிரணி வீரரின் தோள் பலமாக மோதியது. கொஞ்சம் தேறி எழுந்து தொடர்ந்து ஆடினார். சற்று நேரம் கழித்து நடுவர் ரிஸ்ஸோலியிடம் போய் "இது ஃபைனலா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்த நடுவர், இல்லை என்று புரிந்ததும் ஜெர்மனி வீரர்களிடம் சொன்னார், அதற்குப் பிறகுதான் அவரை வெளியே எடுத்தார்கள். மோதியதற்கும் வெளியேறியதற்கும் நடுவில் கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஓடிவிட்டது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்கும் மேட்ச், இரண்டு பக்கமும் டாக்டர்கள், இத்தனை கேமரா, அத்தனையும் இருந்தும் கண்டுபிடித்தது அவரே கேட்ட ஒரு கேள்வியால்தான்.

இதைத்தான் கன்கஷன் என்கிறார்கள், மூளை அதிர்ச்சி. மண்டை உடைய வேண்டியதில்லை, ரத்தம் வர வேண்டியதில்லை, மயங்கி விழவேண்டிய அவசியம்கூட இல்லை. கன்கஷன் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நினைவு முழுசாகத் தப்புகிறது. மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருப்பார்கள், பேசுவார்கள், ஓடவும் செய்வார்கள். கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே" என்பார்கள். அதனால்தான் அடிபட்டவனிடமே கேட்பது உதவாது: பதில் சொல்ல வேண்டிய உறுப்பே அடிபட்டுக் கிடக்கிறது, அது போக ஊரே சுற்றி நிற்கும்போது எந்தப் பையன் "முடியல" என்று சொல்வான்?

பெரிய லீக்குகள் இதைக் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனது, சிலர் இன்னும் சரியாகக் கற்கவில்லை. என் கணக்கில் ரக்பிக்காரர்கள்தான் நன்றாகச் செய்கிறார்கள். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே ஆளை உள்ளே அழைத்துப் போய் 12 நிமிடம் டாக்டர் சோதிப்பார், அதுவரை வேறொருவர் இறங்கி ஆடலாம், தேறினால் இவர் திரும்பலாம். நினைவு தப்பினது, தள்ளாடினது, வலிப்பு வந்தது கண்ணில் பட்டால் சோதனையே கிடையாது, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-லில் எந்த அணியிடமும் சம்பளம் வாங்காத நரம்பு மருத்துவ நிபுணர் ஒருவர் ஓரத்தில் நிற்பார், மேலே உட்கார்ந்து வீடியோ பார்க்கிறவர்களுக்கு மேட்சையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உண்டு. அங்கேயும் தானாக வந்ததில்லை இது. ஓய்வு பெற்ற ஆயிரக்கணக்கான வீரர்கள் வழக்குப் போட்ட பிறகு வேகம் பிடித்தது.

நம் கால்பந்து கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது. விதிமுறைகளை வகுக்கும் ஐஃபாப் அமைப்பு 2020 டிசம்பரில்தான் கன்கஷனுக்கென்று கூடுதல் மாற்று ஆட்டக்காரரைச் சோதனை முறையில் அனுமதித்தது, இங்கிலாந்து பிரீமியர் லீக் 2021 பிப்ரவரியிலிருந்து அதைக் கடைப்பிடித்தது, 2024-25 பருவத்தில் அது விதிப்புத்தகத்திலேயே ஏறிவிட்டது. விரும்பும் போட்டிகள் வைத்துக்கொள்ளலாம். வழக்கமான மாற்று எண்ணிக்கையில் இது சேராது, ஒரு அணி பயன்படுத்தினால் எதிரணிக்கும் கூடுதலாக ஒரு மாற்று கிடைக்கும், வெளியே போனவர் திரும்ப வரமுடியாது. ரக்பி மாதிரி தற்காலிக மாற்று வேண்டும் என்று வீரர்கள் சங்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, நானும் அந்தக் கட்சிதான். மைதானத்து நடுவில் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது இரண்டு மூன்று நிமிடத்தில் எந்த டாக்டரால் முடிவெடுக்க முடியும்?

சரி, உங்கள் கமிட்டிக்கு வருவோம். பணம் பெரிதாகத் தேவையில்லை. நோட்டீஸில் நுழைவுக் கட்டணத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "தலையில் அடிபட்ட ஆட்டக்காரர் அன்று மீண்டும் இறங்கக் கூடாது, அவருக்குப் பதில் இன்னொருவர் இறங்கலாம், அது மாற்று ஆட்டக்காரர் கணக்கில் வராது." இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். ஆள் குறையும் என்று பயந்துதான் கேப்டன் அடிபட்டவனை உள்ளே தள்ளுகிறான், அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் பாதிச் சண்டை வராது. அப்புறம், யார் முடிவெடுப்பது? ஆடும் இரண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாத ஒருவர்: பக்கத்துப் பள்ளிக்கூடத்து பி.டி. சார், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், யாராவது ஒருவர். அவர் "போதும்" என்றால் போதும், கேப்டனோ கிளப் தலைவரோ பையனின் அண்ணனோ மறுபேச்சுப் பேசக்கூடாது என்று டாஸ் போடுவதற்கு முன்னாலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள்.

அவர் கேட்க வேண்டிய கேள்விகள் உலகம் முழுக்க ஒன்றுதான், மேடக்ஸ் கேள்விகள் என்பார்கள். "இது எந்த கிரவுண்ட்? இப்போ முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசியா கோல் போட்டது யாரு? போன மேட்ச் யாரோட ஆடுனீங்க? ஜெயிச்சீங்களா?" பெயரென்ன, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் அதிர்ச்சி ஆனவர்கள்கூடச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள், சற்று முன்னால் நடந்ததைக் கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று தப்பினாலும் வெளியே. ஐந்தும் சரி என்பதற்காக உள்ளே அனுப்பிவிடவும் கூடாது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது, குமட்டல், வழக்கத்துக்கு மாறான எரிச்சல் அல்லது அழுகை எது இருந்தாலும் அவன் உட்காரத்தான் வேண்டும். விழுந்தவன் கழுத்து வலிக்கிறது என்றால் நான்கு பேர் சேர்ந்து தூக்காதீர்கள். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: புனேயில் ஷிவம் துபேவுக்குத் தலையில் அடி என்று ஹர்ஷித் ராணாவை இறக்கினார்களே, அது ஏமாற்று வேலை இல்லையா? பேட்ஸ்மேனுக்குப் பதில் வேகப்பந்து வீச்சாளரா?
வாசகர், தொண்டி

பதில்: 2025 ஜனவரி 31-ல் நடந்த அந்த டி20 பற்றி அப்போதைய இங்கிலாந்து கேப்டன் பட்லரும் இது சமமான மாற்று இல்லை என்றுதான் சொன்னார், ராணா மூன்று விக்கெட் வேறு எடுத்துவிட்டார். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அது ஆளுக்கேற்ற ஆள் இல்லை என்பதுதான் என் கருத்தும்.

ஆனால் தலையில் அடிபட்டவருக்கு மாற்று இறக்கலாம் என்ற அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் பவுன்சர் கழுத்தில் பட்டு விழுந்த ஃபிலிப் ஹியூஸ் இரண்டு நாளில் இறந்துபோனார். அவருக்கு நடந்தது கன்கஷன் இல்லை, கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தது. இருந்தாலும் தலையிலும் கழுத்திலும் படும் அடியை கிரிக்கெட் உலகம் பார்த்த விதமே அதற்குப் பிறகு மாறியது. 2019 ஆகஸ்டில் ஐ.சி.சி கன்கஷன் மாற்று விதியைக் கொண்டுவந்தது. அந்த மாதமே லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டு ஸ்டீவ் ஸ்மித் வெளியேறினார், சோதனையில் தேறி அன்றைக்கே திரும்ப வந்து ஆடினார், மறுநாள் காலையில்தான் அறிகுறி தெரிந்தது. அவருக்குப் பதில் இறங்கிய லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று. அடுத்த டெஸ்ட்டிலும் ஸ்மித் ஆடவில்லை. சோதனையில் தேறியவருக்கே மறுநாள் தெரிகிறது என்றால், நம் ஊரில் பவுண்டரி ஓரத்தில் ஐஸ் வைத்துவிட்டு "ஓகே" சொல்வதை என்னவென்று சொல்வது?

நம் சேலத்து நடராஜன் டி20-யில் அறிமுகமான கான்பெரா மேட்ச் ஞாபகமிருக்கும், 2020 டிசம்பர். அதிலும் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் ஸ்டார்க் பந்து பட்டது, பதிலுக்கு வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார், அப்போதும் ஆஸ்திரேலியர்கள் கோபப்பட்டார்கள். இந்தச் சச்சரவெல்லாம் சேர்ந்துதான் 2025-ல் விதியை இறுக்கினார்கள்: பேட்ஸ்மேன், கீப்பர், வேகம், சுழல், ஆல்ரவுண்டர் என்று யாருக்கு யார் மாற்று என்பதை மேட்சுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், கன்கஷன் உறுதியானவர் குறைந்தது 7 நாள் ஆடக்கூடாது. இது நல்ல திருத்தம். யாரோ ஒருவர் விதியை வளைத்தார் என்பதற்காக விதியே வேண்டாம் என்றால், பத்துப் பேரோடு ஆடப் பயந்து அடிபட்டவனையே பேட் செய்ய அனுப்பின காலத்துக்குத்தான் போவோம்.

கேள்வி: கபடி ஆடும் என் மகள் பத்தாவது படிக்கிறாள். பிடிக்கப் போனவளுக்கு எதிர்ப் பெண்ணின் முழங்கால் நெற்றியில் பட்டுவிட்டது. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் ஒரு வாரமாகப் புத்தகத்தைத் திறந்தால் தலைவலி என்கிறாள். படிக்கச் சோம்பேறித்தனமா? மாவட்டப் போட்டி வேறு வருகிறது. தலைக்கு ஏதாவது கவசம் போட்டு ஆடவிடலாமா?
ஒரு தாய், உச்சிப்புளி

பதில்: சோம்பேறித்தனம் இல்லை அம்மா, அவள் சொல்வதை நம்புங்கள். சி.டி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கன்கஷன் அதில் தெரியாது. படம் நன்றாக இருக்கிறது என்றால் பெரிய ஆபத்து இல்லை என்று நிம்மதிப்படலாம், மூளை ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. புத்தகம், போன், வெயில், சத்தம் எல்லாம் இந்தச் சமயத்தில் தலைவலியைக் கூட்டும். மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள், பள்ளியில் பேசிக் கொஞ்ச நாள் அரை நேரம் அனுப்புங்கள். இருட்டறையில் நாள் கணக்கில் படுக்கவைக்க வேண்டாம், அது பழைய வைத்தியம். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு மெதுவாக நடப்பது நல்லதே.

ஆட்டத்துக்குத் திரும்புவது படிப்படியாக: முதலில் படிப்பு பழையபடி ஆக வேண்டும், பிறகு ஓட்டம், தனியாகப் பயிற்சி, டாக்டர் சரி சொன்ன பிறகுதான் பிடி, மோதல். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், நடுவில் தலைவலி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஊர் அளவிலான ஆட்டக்காரர்களுக்கு 21 நாள் கழித்துத்தான் மேட்ச் என்று வழிகாட்டி வைத்திருக்கிறார்கள். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் திடீரென்று மூளை வீங்கி உயிரே போகலாம், அரிதுதான், ஆனால் நடப்பது பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு. மாவட்டப் போட்டி அடுத்த வருடமும் வரும், இந்த முறை அனுப்பாதீர்கள்.

கவசம் பற்றி: வெட்டுக்காயத்தையும் எலும்பு முறிவையும் அது தடுக்கும், கன்கஷனைத் தடுக்காது. ஐஸ் பெட்டியை லாரியில் தூக்கிப்போட்டால் பெட்டி உடையாது, உள்ளே மீன் மோதத்தானே செய்யும்?

கேள்வி: எங்கள் கிளப்பில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஞாயிறு மேட்சில் அடிபட்டாலும் மறுநாள் டோக்கன் போட்டுப் போய்விடுவார்கள். நன்றாகப் பேசுகிறான், நடக்கிறான், சாப்பிடுகிறான். அவனைத் தடுக்க வேண்டுமா?
கிளப் செயலாளர், பாம்பன்

பதில்: தடுக்கத்தான் வேண்டும். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் லீக் ஆட்டம், இந்தியாவுக்கு ஆடிய ராமன் லம்பா பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்றிருந்தார், பந்து தலையில் பட்டது. எழுந்து தானாகவே நடந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் நினைவிழந்தார், அறுவை சிகிச்சை செய்தும் மூன்றாம் நாள் இறந்துவிட்டார். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகச் சேரும்போது முதலில் ஆள் நன்றாகத்தான் இருப்பார்.

அடிபட்ட முதல் இரண்டு நாள் அவன் தனியாக இருக்கக் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வருவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் புரூஃபனும் வேண்டாம், ரத்தம் உறைவதை அவை தடுக்கும். சாராயம், பைக் இரண்டும் கூடவே கூடாது.

கடலில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவில் நடுக்கடலுக்கு 108 வராது. கச்சான் காற்றில் படகு ஆடும்போது வாந்தி எடுத்தால் அது கடலா தலையா என்று படகு ஓட்டும் ஸ்ராங்குக்கே தெரியாது. கிறுகிறுத்து வலையோடு தண்ணீரில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். சங்கு குளிக்கப் போகிறவர்கள் டாக்டர் சொல்லும்வரை முங்கவே கூடாது.

அவன் போவது எதற்கு என்றால், போகாவிட்டால் அன்றைய பங்கு கிடையாது. கிளப் சந்தாவில் இதற்கென்று கொஞ்சம் ஒதுக்குங்கள், பரிசுப் பணம் வந்தால் அதிலும் ஒரு பகுதி. தலையில் அடிபட்டவனுக்கு அந்த வாரப் பங்கைக் கிளப்பே கொடுக்கும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, படகு உரிமையாளரிடம் "இந்த வாரம் வேறு ஆள் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று செயலாளர் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், அவனைச் சொல்ல வைக்காதீர்கள்.