ஜாப் கார்டில் என்ன எழுதினார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன் சார். ஷோரூம் விலை 62 லட்சம். ஏழு கியர், ட்வின் கிளட்ச். ஹைவேயில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால், ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது தூக்கிப் போடுகிறது. சில நாள் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கையும் வருகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டால், 'இந்த கியர்பாக்ஸ் எல்லாமே அப்படித்தான் சார்' என்று கழுவித் துடைத்துத் திருப்பித் தருகிறார்கள். வண்டியை மாற்றிப் புது வண்டி கேட்க முடியுமா?
– வாசகர், பெல்லந்தூர்

பதில்: கேட்கலாம். ஆனால் இப்போதே கேட்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ட்வின் கிளட்ச் என்பது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, உங்கள் காலுக்குப் பதிலாக கம்ப்யூட்டர் மிதிக்கிறது, அவ்வளவுதான். பழைய மாதிரி ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துவதால் ஊர்ந்தாலும் பெரிதாகத் தேய்மானம் இல்லை. இதில் பிரேக்கிலிருந்து காலைப் பாதி எடுத்து முன்வண்டியின் பின்னால் ஊரும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். எண்ணெயில் முங்கிய கிளட்ச் என்றால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், உலர் கிளட்ச் சீக்கிரம் சூடாகும். அவுட்டர் ரிங் ரோட்டு மாலை நேரம் மாதிரி ஒரு சோதனை எந்தக் கம்பெனியின் சோதனைச் சாலையிலும் கிடையாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே லேசான உதறல் இயல்பு.

தூக்கிப் போடுவதும் எச்சரிக்கை வருவதும் வேறு கதை. இதெல்லாம் இயல்பு என்றால் வண்டியின் கம்ப்யூட்டரே எதற்கு எச்சரிக்கை போடுகிறது? இந்த ஒரு கேள்வியை வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டால் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பார்கள்.

இப்போது ஜாப் கார்டுக்கு, அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் சீட்டுக்கு வருவோம், உங்கள் விஷயத்தில் மொத்த வழக்கும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் கவுண்டரில் நின்று பத்து நிமிடம் விவரமாகச் சொல்வீர்கள். சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டில் 'கியர் பிராப்ளம், செக்' என்று மூன்று வார்த்தை தட்டுவார், நீங்களும் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள். சாயங்காலம் 'ஓட்டிப் பார்த்தோம், குறை ஏதும் தென்படவில்லை' என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் ஓட்டிப் பார்த்தது காலை பத்தரைக்கு, என்ஜின் ஆறிக் கிடக்கும்போது, சர்வீஸ் சென்டரின் பின்புறச் சாலையில் ஒரு சுற்று. தென்படாதுதான்.

அதனால் அடுத்த முறை கையெழுத்துப் போடும் முன் நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள்: 'அரை மணி நேர நெரிசலுக்குப் பிறகு, என்ஜின் நன்றாகச் சூடான நிலையில், 1-லிருந்து 2-க்கு மாறும்போது பலமாக உதறுகிறது, கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வருகிறது.' இடம் போதவில்லை என்பார்கள். போதும். கிலோமீட்டர் ரீடிங், வண்டி விட்ட தேதி, எடுத்த தேதி மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டியிருந்தால் அதில் வந்த கோளாறுக் குறியீடுகளின் (ஃபால்ட் கோட்) பிரின்ட் அல்லது பிடிஎஃப் கேளுங்கள். அந்தக் குறியீடு பதிவான நேரத்தில் வண்டி என்ன வேகம், என்ன சூடு என்பதையும் பெரும்பாலான வண்டிகள் சேமித்து வைக்கும், அழிப்பதற்கு முன்னால் அதை எடுத்துக்கொள்வது முக்கியம். அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஓட்டிக்கொண்டே எடுக்காதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலரும் இதைக் கேட்பதே இல்லை. அதே மாடல் டெமோ வண்டி ஷோரூமில் இருந்தால், மாலை ஆறரைக்கு அவர்களுடைய டெக்னீஷியனோடு இரண்டு வண்டியையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டெமோ வண்டி உதறாவிட்டால் 'எல்லாமே அப்படித்தான்' என்ற பதில் அங்கேயே செத்தது. அதுவும் அதே மாதிரி தூக்கிப் போட்டால், கசப்பாக இருந்தாலும், நீங்கள் வாங்கிய மாடலின் குணமே அது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, புது வண்டி ஏன் இப்போதே கேட்கக் கூடாது? அமெரிக்க மாநிலங்களில் இருக்கிற மாதிரி, இத்தனை முறை ரிப்பேர் செய்தும் தீராவிட்டால் வண்டியையே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2006-ல் கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனைப்படி கம்பெனியின் கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது, முழு வண்டியை மாற்றுவது அல்ல என்று சொல்லிவிட்டது. தயாரிப்பிலேயே குறை என்று நிரூபித்து முழு வண்டியோ பணமோ வாங்கியவர்கள் உண்டு, ஆனால் அதற்கு நிபுணர் அறிக்கை, திரும்பத் திரும்ப ஒரே புகாருள்ள ஜாப் கார்டுகள் எல்லாம் வேண்டும். முதல் மெயிலிலேயே 'வண்டியை மாத்து' என்று எழுதினால் உங்கள் ஃபைல் டெக்னிக்கல் ஆட்களிடமிருந்து நேரே லீகல் டிபார்ட்மென்ட்டுக்குப் போய்விடும். அங்கே போனபின் யாரும் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க மாட்டார்கள். கிளட்ச் பேக்கையும் கட்டுப்பாட்டு யூனிட்டையும் வாரண்டியில் மாற்றக் கேளுங்கள், அது நியாயமாகக் கிடைக்கக்கூடியது.

டீலர் மசியாவிட்டால் வண்டியின் சேஸிஸ் எண், ஜாப் கார்டு எண்கள் எல்லாம் போட்டு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம்தான். 2021 கடைசியில் வந்த விதிப்படி, கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம், 50 லட்சத்திலிருந்து 2 கோடி வரை மாநில ஆணையம். உங்கள் வண்டி 62 லட்சம், ஆக மாநில ஆணையம், கட்டணம் 2,000 ரூபாய்தான். டீலர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டியே காலத்தை ஓட்டுவார்கள். 2019 சட்டத்தில், பரிசோதிக்காமல் குறையை உறுதி செய்ய முடியாது என்றால் ஆணையமே சோதனைக்கு அனுப்ப வழியிருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால் 'அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்' என்பதை நம்பி உட்கார வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: சர்வீஸிலிருந்து வண்டி எடுத்த மறுநாள், சர்வீஸுக்கு மதிப்பெண் கேட்டு போன் வரும், 'பத்துக்குப் பத்து கொடுங்க சார், இல்லேன்னா எனக்கு இன்சென்டிவ் போயிடும்' என்பார் அட்வைசர். பாவம்தான். ஆனால் நீங்கள் கொடுக்கும் பத்து, 'வாடிக்கையாளர் முழுத் திருப்தி' என்று நாளைக்கு உங்களுக்கு எதிராகவே நீட்டப்படலாம்.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டு இன்ஸ்டாகிராமில் போட்டேன். இப்போது டச் ஸ்கிரீன் வேலை செய்யவில்லை. 'டிராக்கில் ஓட்டியதால் வாரண்டி போச்சு' என்கிறார்கள்.
– வாசகி, இந்திரா நகர்

பதில்: டச் ஸ்கிரீனுக்கும் ரேஸ் டிராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் வாரண்டி புத்தகத்தில் விலக்குகள் என்ற பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பொதுவாக அதில் இருப்பது, போட்டி அல்லது டிராக் உபயோகத்தால் உண்டான பழுதுக்கு வாரண்டி இல்லை என்பதுதான். அதை வைத்து மொத்த வண்டிக்கும் வாரண்டி இல்லை என்று அட்வைசர் பெரிதாக்குகிறார். ஆனால் பிரேக், கிளட்ச், டயர், கியர்பாக்ஸில் ஏதாவது வந்தால் அந்தப் போட்டோவை நிச்சயம் தோண்டி எடுப்பார்கள்.

என்ஜின் கம்ப்யூட்டரை வெளியில் கொடுத்து ரீமேப் செய்திருந்தால், அதாவது அதன் மென்பொருளை மாற்றியிருந்தால் நிலைமை வேறு. சர்வீஸுக்கு முன்னால் பழைய மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டால் தெரியாது என்று கடைக்காரர் சொல்வார். பல கம்பெனிகளின் யூனிட் எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணி வைத்துக்கொள்கிறது, ஸ்கேனர் மாட்டினதும் தெரிந்துவிடும்.

கேள்வி: என் மகன் தன் கம்பெனி பெயரில் கார் வாங்கியிருக்கிறான். கம்பெனி பெயரில் இருந்தால் நுகர்வோர் வழக்கு போட முடியாது என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற வாசகர், அல்சூர்

பதில்: பயப்பட வேண்டாம் ஐயா. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது நிஜம். ஆனால் ஒரு கம்பெனி தன் இயக்குநரின் உபயோகத்துக்காக வாங்கிய மெர்சிடிஸ், உள்ளே அளவுக்கு மீறி சூடாகிறது என்று வந்த வழக்கில், வணிக நோக்கம் என்ற வாதத்தை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் மகன் அந்தக் காரைச் சொந்த உபயோகத்துக்குத்தான் வைத்திருக்கிறார் என்று காட்ட முடிந்தால் போதும். வழக்கு போடுவதானால் கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அது 18 சதவீதம், இந்த விலை வண்டிகளில் சின்னத் தொகை இல்லை.

கேள்வி: பாகம் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இஎம்ஐ ஓடுகிறது. மாற்று வண்டி தர வேண்டாமா?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: தர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வாரண்டி அல்லது ரோடுசைடு உதவித் திட்டத்தில் எழுதியிருந்தால் கேட்டு வாங்கலாம். எழுதியிருக்காவிட்டாலும் மெயிலில் கேட்டு வையுங்கள், மறுத்தால் அந்த மறுப்பும் டாக்ஸி பில்லும் பிறகு நஷ்டஈடு கேட்க உதவும். பாகத்துக்கு எந்தத் தேதியில் ஆர்டர் போட்டார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 'ஆர்டர் போட்டாச்சு' என்று சொல்லிக்கொண்டே போடாமல் வைத்திருக்கும் ஆட்கள் உண்டு.

ஸ்போர்ட்ஸ் காரை விடும்போது கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு, நான்கு டயர்கள் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள், டேஷ்கேமை கழற்றாதீர்கள். வண்டி எங்கே நிற்கிறது என்றும் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். பேஸ்மென்ட் என்றால் மழைக்காலத்துக்கு முன்னால் மேலே ஏற்றச் சொல்லுங்கள்.