கேள்வி உங்களுடையது: வீட்டில் ஒரு குட்டி எஃப்எம்

கேள்வி: பேசுவதை ரேடியோவுக்கு அனுப்பும் குட்டி எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் செய்தேன். பிசி 547 டிரான்சிஸ்டர், கன்டென்சர் மைக், ஐந்து சுற்று காயில், 9 வோல்ட் பேட்டரி. பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகும் பலகை) எல்லாவற்றையும் நெட்டில் பார்த்த படத்தில் உள்ளபடியே செருகிவிட்டேன். ரேடியோவில் 'உஸ்' சத்தம் தவிர ஒன்றும் வரவில்லை. எங்கே தப்பு?
(பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்)

பதில்: தப்பு பிரெட்போர்டில்தான் இருக்கும் தம்பி. உங்கள் சர்க்யூட்டில் டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவே 4.7 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்குமே, அதுதான் சர்க்யூட்டில் ரேடியோ அலை உண்டாக வைப்பது. பிரெட்போர்டில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையிலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஓரிரண்டு பிகோஃபாரட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்புறம் கணக்கு எப்படி நிற்கும்? எல்இடி மினுக்கவைக்க பிரெட்போர்டு சரி. 100 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு கம்பியும் ஒரு பாகம்தான். துளை போட்ட டாட் போர்டு அட்டையில், கால்களை ஒட்ட வெட்டி, சால்டர் செய்யுங்கள்.

அதற்கு முன்னால் டிரான்சிஸ்டரைத் திருப்பிப் பாருங்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பிசி 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904 என்ற இன்னொரு டிரான்சிஸ்டருக்கு இது அப்படியே தலைகீழ். நெட்டில் கிடைக்கும் படங்களில் சில 2என் 3904-க்குப் போட்டவை. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று பிசி 547-ஐக் கொடுத்துவிடுவார். மைக்கிலும் ஒன்று கவனியுங்கள்: பின்பக்கம் இரண்டு புள்ளிகளில் எது உலோக உறையோடு சேர்ந்திருக்கிறதோ அது மைனஸ்.

காயிலுக்கு 22 கேஜ் எனாமல் கம்பியை 6 மி.மீ. டிரில் பிட் மேல் ஐந்து சுற்று சுற்றி உருவுங்கள், முனைகளில் எனாமலை பிளேடால் நன்றாகச் சுரண்டுங்கள், சுரண்டாவிட்டால் ஈயம் மேலே உட்கார்ந்ததுபோலத் தெரியும், உள்ளே கரண்ட் போகாது. இந்தக் காயில் ஏறக்குறைய 0.1 மைக்ரோஹென்றி வரும். அதோடு 25 பிகோஃபாரட் சேர்ந்தால் 100 மெகாஹெர்ட்ஸ். சுற்றுகளை லேசாக விலக்கினால் அலைவரிசை ஏறும், நெருக்கினால் இறங்கும்.

தேடும்போது பாட்டு வருகிறதா என்று பார்க்காதீர்கள். ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து ட்ரிம்மரை (காயிலோடு சேர்ந்த, திருகி மாற்றும் குட்டிக் கெப்பாசிட்டர்) மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'உஸ்' சட்டென்று அடங்கும். அந்த அமைதிதான் உங்கள் நிலையம். மைக்கை ரேடியோ அருகில் கொண்டுபோனால் 'கீ' என்று ஊளையிடும், அப்போது சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: பையன் செய்தது வேலை செய்கிறது. ஆனால் கையைக் கிட்டே கொண்டுபோனாலே நிலையம் நகர்ந்துவிடுகிறதே?
(ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: உங்கள் கையும் ஒரு கெப்பாசிட்டர் தகடுதான் மேடம். ட்ரிம்மரைத் திருப்ப இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் துண்டு ஒன்றை உளிபோல் சீவித் தரச் சொல்லுங்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே '104' என்று எழுதிய கெப்பாசிட்டரை, சர்க்யூட்டை ஒட்டியே போடட்டும். காயில் ஆடினாலும் அலைவரிசை ஆடும், இரண்டு சொட்டு மெழுகு விட்டால் அடங்கிவிடும். பேட்டரி இறங்க இறங்கக் கொஞ்சம் நகரத்தான் செய்யும், ஒற்றை டிரான்சிஸ்டரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: கோவில் திருவிழாவுக்கு ஊர் முழுக்கக் கேட்கும்படி செய்ய இன்னொரு டிரான்சிஸ்டரும் உயரமான ஆன்டெனாவும் போதுமா?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: போதும். அதனால்தான் செய்யாதீர்கள் என்கிறேன். பீகாரில் வைசாலி மாவட்டம் மன்சூர்பூரில், ரேடியோ ரிப்பேர் பார்த்த ஓர் இளைஞர் மலிவான பாகங்களை வைத்து இப்படித்தான் ஊருக்கே நிலையம் நடத்தினார். ஜனங்கள் கொண்டாடினார்கள். உரிமம் இல்லை என்று 2006-இல் மூடிவிட்டார்கள்.

சட்டம் மட்டும் காரணமில்லை. எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, அதை ஒட்டியே விமானங்களுக்கு வழிகாட்டும் அலைகள், 118-இலிருந்து விமானியின் பேச்சு. ட்ரிம்மர் கால் திருப்பு கூடினால் நீங்கள் அங்கே போய்விடுவீர்கள், உங்கள் ரேடியோ 108-க்கு மேல் கேட்காதென்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆன்டெனாவாக ஒரு சாண் கம்பி, ஒரே அறை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டுமானால் சமுதாய வானொலி உரிமம் இருக்கிறது, சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 முதல் 90.4-இல் ஒலிப்பது அப்படித்தான். ஆனால் அந்த உரிமம் தனி ஆளுக்குக் கிடைக்காது, கல்லூரி, தொண்டு நிறுவனம் மாதிரி அமைப்புகளுக்குத்தான். திருவிழாவுக்கு மைக் செட்காரரையே கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் காது மந்தம். டிவி சத்தத்தை அவர் ரேடியோவில், இயர்போனில் கேட்க வைக்கலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக. மைக்கையும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரெசிஸ்டரையும் எடுத்துவிடுங்கள். டிவியின் ஹெட்போன் துளையில் செருகும் பின்னிலிருந்து இடது, வலது இரண்டையும் ஆளுக்கொரு 1 கிலோஓம் வழியாகச் சேர்த்து, ஒரு 10 கே வால்யூம் கன்ட்ரோலுக்குக் கொடுங்கள், நேராக முறுக்கிச் சேர்க்கக் கூடாது. அதன் நடுக்காலிலிருந்து, மைக் இருந்த இடத்துக் கெப்பாசிட்டருக்கு ஒரு கம்பி. வால்யூமைக் குறைவாகவே வையுங்கள், கூடினால் குரல் கிழியும். பக்கத்து வீட்டு ரேடியோவிலும் உங்கள் சீரியல் கேட்கக்கூடும், அப்படிக் கேட்டால் ஆன்டெனா கம்பியைப் பாதியாக வெட்டிவிடுங்கள்.