பென்சிலுக்கு முன் புளியங்கொட்டை

கேள்வி: என் பேரனுக்கு மூன்றரை வயது. இந்த ஜூனில்தான் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதிவரச் சொல்கிறார்கள். நான்கு எழுத்துக்குள் கை வலிக்கிறது என்று அழுகிறான். எதிர்வீட்டுக் குழந்தையோ நூறு வரை ஒப்பிக்கிறாள். இவன் பின்தங்கிவிடுவானோ?
- வாசகி ஒருவர், பெரம்பூர், சென்னை

பதில்: கை வலிக்கிறது என்று அவன் சொல்வதை முதலில் நம்புங்கள், அம்மா. மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருந்து, வயது ஏற ஏற ஒவ்வொன்றாக இறுகுகின்றன; கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே பெரும்பாலும் எட்டு வயதாகிவிடும். மூன்று விரல்களால் பென்சிலைப் பிடிப்பதும் பல குழந்தைகளுக்கு நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்தான் படிகிறது. அதுவரை கையை முழுதாக மூடிப் பென்சிலைப் பிடித்து, தோளை அசைத்தே கோடு இழுப்பார்கள். அப்படிப்பட்ட கையிடம், சுழித்து வளைந்து குறுக்கே ஓடி நேராக இறங்கும் 'அ'வைச் சின்னக் கட்டத்துக்குள் அடக்கச் சொல்வது சரியல்ல. நேர்கோடுகளாலான 'ட', 'ப' ஆகியவற்றில் தொடங்கினாலாவது பரவாயில்லை.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையிலும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய பிறகே எழுதுவது வரும். நீங்களும் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் கொடுங்கள். பச்சைப் பட்டாணி உரிக்கும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள். தோலைப் பிளக்கக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கொடுக்கும் அழுத்தம்தான் பின்னாளில் பென்சிலைத் தாங்கப்போகிறது.

எதிர்வீட்டுக் குழந்தையைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டாம். நூறு வரை ஒப்பிப்பதும் பாட்டை மனப்பாடமாகப் பாடுவதும் இந்த வயதில் ஏறக்குறைய ஒன்றே. ஐந்து புளியங்கொட்டைகளை நெருக்கி வைத்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு குழந்தையின் கண் முன்னேயே அவற்றை இடைவெளி விட்டுப் பரப்பி, இப்போது கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். "நிறைய ஆயிடுச்சு" என்று சொல்லும் குழந்தைகளே இந்த வயதில் அதிகம். எண்ணிக்கை மாறவில்லை என்பது சொல்லிக்கொடுத்து வருவதைவிட, அவர்களே பரப்பியும் குவித்தும் பார்த்து வருவதே அதிகம்.

பள்ளியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோட்டு நிரம்பாவிட்டால் கட்டணம் எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஆசிரியையை நேரில் பார்த்து, ஒரு பக்கத்துக்குப் பதில் மூன்று எழுத்து போதுமா என்று பக்குவமாகக் கேளுங்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே இந்த வயதுக்கு விளையாட்டு வழிக் கல்வியைத்தான் சொல்கிறது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம்.

எழுத்து தாமதமாவதற்காக மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருந்தாலோ, இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாமல் இருந்தாலோ, முன்பு பேசிய சொற்களை இப்போது விட்டுவிட்டாலோ, தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கும் செல்லலாம்.