டிக்கெட்டுக்குச் சரி சொல்வது யார்?

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து திருகோணமலை பஸ் நேரங்களுக்கு ஓர் ஆப் செய்தோம். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று அதன் கோடையும் (நிரலையும்) திறந்து வைத்திருக்கிறோம். பிழை இருக்கிறது, புது வசதி வேண்டும் என்று ஆட்கள் எழுதிப் போடும் டிக்கெட் எதுவானாலும் மூவரும் சம்மதித்த பிறகுதான் கைவைப்போம். இப்போது அறுபதுக்கு மேல் தேங்கிக் கிடக்கின்றன. பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்?
- வாசகர், உவர்மலை

பதில்: தம்பி, மூவரும் சம்மதிக்க வேண்டும் என்ற விதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிரச்சினை உண்மைதானா என்பது ஒரு கேள்வி. அதற்கு எழுதிய கோடைச் சேர்க்கலாமா என்பது வேறு கேள்வி. உங்கள் விதி இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டது.

இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் புது டிக்கெட் 'இன்னும் பார்க்கவில்லை' என்ற நிலையில் இருக்கும். அதைப் பார்த்து 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று மாற்ற யாருக்கும் உரிமை உண்டு, பதவி தேவையில்லை. ஏற்றாயிற்று என்பதற்காக நாளைக்கே யாரோ செய்து தருவார்கள் என்று அர்த்தமில்லை. கோட் வந்த பிறகுதான் கண்டிப்பு: எழுதியவரே தன் கோடுக்குச் சரி போடக்கூடாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். கடைசியில் சேர்ப்பது அதற்கென்று இருக்கிற சிலர் மட்டுமே. கடிதம், கணக்கு எழுதப் பயன்படும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸிலும் இப்படித்தான். நீங்கள் அறிவிக்கும் பிழையை வேறொருவர் தன் கணினியில் செய்து பார்க்கும்வரை அது 'உறுதியாகாதது' என்றே நிற்கும்.

உங்களுக்கு வந்திருக்கக்கூடிய ஒரு டிக்கெட்டை எடுப்போம்: "மூதூர் பஸ் நேரம் பிழை." இதை வைத்து மூன்று பேர் என்னத்தை முடிவு செய்வது? அரச சி.ரி.பி. பஸ்ஸா பிரைவேட்டா, போகும்போதா வரும்போதா, வார நாளா ஞாயிறா, ஆப் காட்டிய நேரம் என்ன, பஸ் உண்மையில் புறப்பட்ட நேரம் என்ன? இவற்றை டிக்கெட் எழுதும் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். பாதி டிக்கெட் பேச்சில்லாமல் தீர்ந்துவிடும். பதில் வராததற்கு 'விவரம் தேவை' என்று லேபல் ஒட்டி, இத்தனை நாளில் மூடுவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி மூடுங்கள்.

நேரப் பிழையை உங்களில் ஒருவர் பஸ் நிலையத்தில் கேட்டு உறுதி செய்தாலே போதும். மூவரும் உட்கார்ந்து பேச வேண்டியது புது வசதி கேட்கும் டிக்கெட்டுகளைத்தான். சீட் பதிவு வேண்டும், ரயில் நேரமும் வேண்டும் என்று கேட்பார்கள். அங்கே 'முடியாது' என்று சொல்லத் தயங்காதீர்கள். ஆனால் காரணத்தை அதே டிக்கெட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு மூடுங்கள். சத்தமில்லாமல் மூடினால் அந்த மனிதர் திரும்பி வரமாட்டார். சின்னத் திட்டத்துக்கு அது பெரிய இழப்பு.

அப்புறம், கிண்ணியாவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ ஒருவர் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த பஸ்ஸில் தினமும் போகிறவர் அவர்தான்.