மினுமினுக்கும் எஸ்.எம்.பி.எஸ். காசுக்குத் தகுமா?

கேள்வி: ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். வண்ண விளக்கு எரியும் 850 வாட் கோல்டு எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) 11,000 ரூபாய் என்கிறார் கடைக்காரர். அதே கம்பெனியின் 550 வாட் பிரான்ஸ், விளக்கில்லாதது, 4,500. எதை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: 550 வாட்டே தாராளம். கார்டுக்கு 170 வாட், பிராசசருக்கு 76, மதர்போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு ஒரு 50. மொத்தம் 300 வாட்டைத் தொடுவதே அபூர்வம். கார்டின் சிப்பைத் தரும் என்விடியா கம்பெனியும் இந்தக் கார்டுக்கு 550 என்றுதான் சொல்கிறது.

கோல்டு, பிரான்ஸ் என்பதெல்லாம் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான தரம். 115 வோல்ட்டில் நடக்கும் ‘80 பிளஸ்’ என்ற தரச் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் தேற வேண்டும். உள்ளே 200 வாட் தேவைப்பட்டால், பிரான்ஸ் பிளக்கிலிருந்து 235 வாட் இழுக்கும், கோல்டு 222. தினம் 5 மணி நேரம் ஓட்டினால் வருடத்துக்கு 24 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய் என்று போட்டாலும் 170 ரூபாய்க்குள்தான். கூடுதலாகக் கொடுக்கும் 6,500 ரூபாயை எடுக்க 38 வருடம் ஆகும்! விளக்கோ, இப்போதைய கேபினெட்டுகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அடித்தட்டில் மூடி மறைத்துவிடுவதால் கண்ணிலேயே படாது.

பார்க்க வேண்டியது பக்கவாட்டு லேபிள். 12 வோல்ட்டுக்கு நேராக (கார்டும் பிராசசரும் இழுப்பது இதில்தான்) எத்தனை ஆம்பியர்? 45 என்றிருந்தால் 540 வாட். அது நேர்மையான 550. மட்டமான சரக்கில் மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 12 வோல்ட்டில் 16 ஆம்பியர்தான், அதாவது 192 வாட். கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழும். அதோடு உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் 105 டிகிரி தாங்குவதா, ஐந்து வருட வாரண்டி உண்டா என்று கேளுங்கள். நம்மூர் வெயிலுக்கு இது முக்கியம். இதே 550 வாட்டில் கோல்டு ஆயிரம் ரூபாய்தான் கூடுதல் என்றால் அதையே எடுங்கள். சூடு குறையும், விசிறியும் நிதானமாகச் சுற்றும்.

ஒரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் வாங்கினால், வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிளைச் செருகவே கூடாது. கனெக்டர் பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். மாறியிருந்தால் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே எரிந்துபோகலாம்.

கேள்வி: அரிசி ஆலை அலுவலகத்துக்கு, சுமை குறைந்தால் விசிறி நின்றுவிடும் சத்தமில்லாத எஸ்.எம்.பி.எஸ். நல்லதா?
– புதுவயல்

பதில்: ஆலை இரைச்சலில் அந்த அமைதிக்கு ஏன் காசு? உங்கள் எதிரி தவிட்டுத் தூசி. எண்ணெய்ப் பசை உள்ளதால் அப்பிக்கொள்ளும். அடியில் வலை ஃபில்டர் உள்ள கேபினெட் வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி இறக்கையைக் குச்சியால் நிறுத்திப்பிடித்து புளோயர் அடியுங்கள். மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஐயா காலத்து வீடு. வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்று கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது. விலை உயர்ந்த எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் சரியாகுமா?
– கானாடுகாத்தான்

பதில்: ஆகாது. எவ்வளவு விலையில் வாங்கினாலும் அந்தச் சுருக் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். வாசலில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசியும் சிறு மின்சாரத்தை எர்த் வழியாக அனுப்பும்படி அமைந்தவை. எர்த் இல்லாவிட்டால் பெட்டி சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். வெறுங்கால், சிமெண்ட் கல், கீழே மண் என்று அதற்கு உங்கள் உடம்பே வழியாகிவிடுகிறது.

பழைய இரண்டு கம்பி வயரிங்கில் மூன்று துளை சாக்கெட்டை மட்டும் மாட்டியிருப்பார்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரகாசமாக எரியாவிட்டால் எர்த் சரியில்லை. குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை கரியும் உப்பும் போட்டு இறக்கி, அங்கிருந்து சாக்கெட் வரை தனிச் செம்புக் கம்பி இழுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் குழி காய்ந்தால் எர்த் பிடிக்காது. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தை நியூட்ரலோடு முடிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்று பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறும்.