நீலத் திரையில் 10 விநாடி

கேள்வி: உபுண்டு இயங்குதளத்தில் என்விடியா கிராபிக்ஸ் கார்டுக்கான டிரைவரை நிறுவினேன், கடவுச்சொல் ஒன்று வைக்கச் சொன்னது, வைத்தேன். கணினியை மீண்டும் இயக்கியதும் எழுத்தெல்லாம் பூதாகாரமாகத் தெரிகிறது. கார்டு பழுதா?
– வாசகர், கல்லடி

பதில்: கார்டைக் கழற்றிக்கொண்டு பாலம் தாண்டி நகருக்கு ஓடாதீர்கள், தம்பி. இடையில் ஒரு நீலத் திரை வந்திருக்குமே? நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினி, டிரைவரின் கையொப்பச் சாவியை ஏற்கலாமா என்று அங்கேதான் கேட்கிறது. 10 விநாடிக்குள் எந்த விசையையும் தொடாவிட்டால் திரை போய்விடும்; சாவி பதியாது, டிரைவரும் ஏறாது. பிளேன்டீ ஊற்றப் போய் நானும் அதைத் தவறவிட்டிருக்கிறேன். டெர்மினலில் ‘மோக்யூட்டில்’ கட்டளையால் சாவியை மறுபடி இம்போர்ட் செய்து, கணினியை மீண்டும் இயக்குங்கள். நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ (சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்து, இம்போர்ட்டின்போது வைத்த கடவுச்சொல்லை இடுங்கள். அதுவரை தேநீர் வேண்டாம்.